அம்மோனியா அறை

அண்ணாச்சி இரும்புக் கதவை அரையடி திறந்து மூக்கை நீட்டினார்.

ஒன்றுமில்லை.

அம்மோனியா வாடை மட்டும்தான் இல்லை என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். எந்த வாடையுமே இல்லை. புதுப் பெயிண்ட் இல்லை, டீசல் இல்லை, கடல்கூட இல்லை. நாலு மாதமாக இப்படித்தான்.

கதவை மெல்லச் சாத்தினார்.

பின்னால் தஸ்நேவிஸ் காத்துக்கொண்டு நின்றான். உள்ளே போய் வால்வைத் திறப்பது அவன் வேலை.

"என்ன அண்ணாச்சி, போவலாமா?"

"இரு."

அவர்கள் நின்ற பார்ஜ், அந்தத் தட்டை மிதவை, லேசாக ஆடியது. கரை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. மேலே கடல் வெதுவெதுவென்று கிடந்தது. எண்ணூறு மீட்டர் குழாய் வழியாக அடிக்கடலின் நீர் ஏறி வந்துகொண்டிருந்தது. அந்தக் குழாயில் கை வைத்தால் விரல் விறைக்கும்.

மேலே உள்ள சூட்டில் அம்மோனியா கொதிக்கும். ஆவி டர்பைனைச் சுற்றும். கீழிருந்து வரும் குளிரில் ஆவி மறுபடி திரவமாகும். கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். கடல் இருக்கிறவரை கரண்ட்.

இரண்டு வருடப் பாடு. இன்றுதான் முதன்முதலாக ஓட்டப்போகிறார்கள். நாளைக்குக் காற்று திரும்பிவிடும். குழாயை மேலே இழுத்துவிட வேண்டும், அப்புறம் மூன்று மாதத்துக்கு இறக்க முடியாது.

அம்மோனியா நல்ல பிள்ளைதான், குழாய்க்குள் இருக்கும்வரை. வெளியே வந்தால் முதலில் கண்ணை எரிக்கும், பிறகு ஆளையே தின்றுவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சுவரில் ஒரு கருவி இருந்தது. உப்புக்காற்று பட்டுத் தினம் பத்துத் தடவை சும்மா சும்மா அலறியது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் நிறுத்திவிட்டார்கள். இவர் மூக்கு இருக்கும்போது அது எதற்கு?

துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் அம்மோனியாவோடு கிடந்த மூக்கு. இரண்டு அறை தள்ளிக் கசிந்தாலும் சொல்லிவிடும். இந்தத் திட்டத்தை நடத்தும் பகவதி மேடம் அவரைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்ததே அதற்காகத்தான்.

"உங்க மூக்குக்குத்தான் அண்ணாச்சி சம்பளம்" என்று சிரிப்பார்.

அப்புறம் அந்தச் சனியன் பிடித்த காய்ச்சல் பார்ஜையே ஒரு சுற்று சுற்றியது. எல்லாரும் படுத்தார்கள், எல்லாரும் எழுந்தார்கள். அவரும் எழுந்தார். மூக்கு எழவில்லை.

வீட்டில் பால் கருகியபோது அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். மகள் ஓடிவந்து அணைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

தூங்கிவிட்டேன் என்றார். நின்றபடியேவா என்று அவள் கேட்கவில்லை.

இங்கே கந்தகத் திரியை வைத்துச் சமாளித்தார். கொளுத்திக் குழாயோரமாகக் கொண்டுபோனால் கசிவுள்ள இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். யாருமில்லாத நேரம் பார்த்து அதைச் செய்வார். ஆட்கள் வந்ததும் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி நடிப்பார். கேவலமாகத்தான் இருந்தது.

இன்று காலை டப்பாவைத் திறந்தால் அத்தனை திரியும் நனைந்து ஊறிக் கிடந்தன. ஒன்றுகூடப் பற்றவில்லை.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது. மேல்தளத்திலிருந்து பகவதி மேடம்.

"அண்ணாச்சி, உள்ள எப்படி? சரின்னா தொறந்துரலாம்."

சரி. ஒரே வார்த்தை.

நேற்றுக் கசிவில்லை. இன்று மட்டும் எங்கிருந்து வரப்போகிறது? மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. மூக்கில்லாத ஆளை இங்கே எவர் வைத்துக்கொள்வார்?

தஸ்நேவிஸ் விஷவாயு முகமூடியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான்.

"இதப் போட்டா கண்ணுக்கண்ணாடியெல்லாம் ஆவியடிக்கு. நீங்கதான் மோந்துட்டியள்லா, பெறவென்ன."

பாவிப்பயல், இப்படியா ஒருத்தனை நம்புவான்.

வாக்கியை எடுத்தார். பார்ஜ் முழுக்கக் கேட்கும். தெரிந்துதான் அழுத்தினார்.

"மேடம், எனக்கு வாடை தெரியாது. காய்ச்சலுக்குப் பெறவு ஒண்ணுமே தெரியல. இத்தன நாளும் பொய்தான் சொன்னேன். ஆள உள்ள விடாதிய."

தஸ்நேவிஸ் கத்துவான், அடிக்கக்கூடச் செய்வான் என்று எதிர்பார்த்தார். அவன் கொக்கியில் தொங்கிய முகமூடியைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, எனக்கும் வாடை தெரியாது" என்றான். "நீங்க இருக்கியளேன்னு சும்மா இருந்துட்டேன்."

வாக்கி கரகரத்தது. பம்ப் அறையிலிருந்து ஒரு குரல்.

"மேடம், எனக்கும்தான்."

கிரேனிலிருந்து இன்னொன்று.

"காப்பி எது, கசாயம் எதுன்னே தெரியாமத்தான் குடிச்சிட்டிருக்கேன் மேடம்."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

கடைசியாக மேடத்தின் குரல் வந்தது.

"எனக்கும் போயிருச்சு அண்ணாச்சி. உங்கள நம்பித்தான் தைரியமா இருந்தேன்."

பிறகு சொன்னார்: "இன்னைக்கு ஓட்ட வேண்டாம். எல்லாரும் மேல வாங்க."

இரண்டு வருடம். ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

தஸ்நேவிஸ் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றி, இமைகளைப் புறங்கையால் தேய்த்தான். கதவைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குக் கண்ணு எரியுதா?"

அவருக்கு முன்பே எரிந்துகொண்டுதான் இருந்தது. அழுகை என்று நினைத்திருந்தார்.