கேப்டன் போட்ட நிபந்தனை

“புதுசா வாங்கிட்டா தலைவலியே இல்ல சார். இது தாத்தா காலத்துப் பெட்டி.”

“தாத்தாவே வந்து உட்கார்ந்திருக்கேன். பெட்டி மட்டும் இளசா இருக்கணுமா?”

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையை நடத்தும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே ஸ்டூலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார்.

“பேரன் கேம் விளையாடவா?”

“எனக்குத்தாம்மா. டாங்கி விளையாட்டு. அதுல புதுசா ஏதோ அப்டேட் விட்டானுங்க, அதுலேர்ந்து படம் திக்கித் திக்கி வருது. நான் பீரங்கியைத் திருப்பறதுக்குள்ள எதிரி என்னைச் சுட்டுட்டு டீ குடிக்கவே போயிடறான். சாயங்காலம் மேட்ச் இருக்கு. இன்னிக்கும் சொதப்பினா அணியை விட்டுத் தூக்கிடுவாங்க.”

சொல்லிவிட்டு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு விளையாட்டுக்கா இந்தப் பாடு என்று நினைத்தபடியே அவள் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே தூசி பஞ்சு மெத்தையாகப் படிந்திருந்தது.

“பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டா பவர் சப்ளை தாங்காது. தனியா ஒயர் கேட்காத சின்ன கார்டு ஒண்ணு, பழசுதான், நல்லா இருக்கு. கூட ஒரு ராம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி. போட்டுடலாம். கையைக் கடிக்காது.”

“ஓடுமா?”

“பறக்காது. ஓடும்.”

“அது போதும். நான் பஸ் ஓட்டினவன்.”

பிளோயரால் தூசியை ஊதிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

“அணியில எல்லாம் சின்னப் பசங்களா?”

“என் பிள்ளை வயசு. என்னையும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. விளையாட்டுல கேப்டன் பேரு குருவி. தங்கமான பையன். ஒரு தடவை நம்ம ஆளையே சுட்டுட்டேன். ‘விடு மச்சி, எல்லாருக்கும் நடக்கறதுதான்’னு டைப் பண்ணான். காய்ச்சல்னு சொன்னா, ‘மாத்திரை போட்டியா?’ம்பான்.”

கார்டு உட்கார்ந்தது. திரையில் டாங்கி வெண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. பெரியவர் கைதட்டினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கும் மனசு நிறைந்துபோயிற்று. அலமாரியிலிருந்து மைக் வைத்த ஹெட்செட் ஒன்றை எடுத்து அவர் தலையில் மாட்டினாள்.

“இது என் அன்பளிப்பு. இனிமே தட்டித் தட்டி எழுத வேணாம், வாயாலேயே பேசுங்க.”

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது.

“கேப்டனும் அதைத்தாம்மா சொல்லிட்டான். இன்னியிலேர்ந்து டைப் பண்றவனுக்கு இடமில்ல, மைக்ல பேசினாத்தான் ஆட்டம்னு.”

“கிழவர்னு தெரிஞ்சிடும்னு வெட்கமா? தெரிஞ்சா தெரியட்டுமே சார். மாத்திரை போட்டியான்னு கேட்கற பையன், இதுக்கா கோவிச்சுக்கப் போறான்?”

பெரியவர் மைக்கை வாயருகிலிருந்து மெல்ல விலக்கினார்.

“வயசு இல்லம்மா. அந்தக் குருவி என் மகன். சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து, போன்ல என் குரல் கேட்டாலே வச்சிடறான்... மைக்ல நான் பேசறது வேற யாரோ பேசற மாதிரி கேட்கறதுக்கு ஏதாவது பண்ணித் தர முடியுமா?”