சின்னு
வடக்குப்பட்டு வாடகை அறையின் ஜன்னல் விளிம்பில், காலை வெயிலில், சின்னு மல்லாந்து செத்துக் கிடக்கிறது. இரண்டு வருடமாக ஷாரோனின் விரல்நுனியில் சோற்றுப் பருக்கை தின்று வளர்ந்த பல்லி. அறையில் கூட இருக்கும் மஞ்சுளா அதை உள்ளங்கையில் ஏந்தி, கம்பெனியில் உதிரிபாகம் சோதிக்கும் அதே கண்ணோடு திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். காயமில்லை. வால்கூட முழுசாக இருக்கிறது. "நான் இன்னாக்கா தப்பு பண்ணேன்?" ஷாரோன் அழுதபடி கேட்கிறாள். "எதனால செத்துச்சுன்னு எனக்குத் தெரியல. உன்னால சாவல, அது தெரியும்," என்கிறாள் மஞ்சுளா, கொஞ்சமும் தயங்காமல். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஷாரோன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலோர மண்ணில் கரண்டியால் குழி தோண்டுகிறாள். "பஸ் போவட்டும்க்கா. இத முடிச்சிட்டு ஷேர் ஆட்டோல போய்க்கலாம்," என்கிறாள். குரல் நடுங்கவில்லை.