கழலாத கேமரா

"கேமரா ரோட்டப் பாக்க வேணாம் தம்பி. ஓட்டுற ஆளப் பாக்கணும்," என்றார் சாவித்திரி அம்மாள்.

ஃபாஜில் நிமிர்ந்து பார்த்தான். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் கார் சாமான் கடை வைத்திருப்பவன் அவன். சீட் கவர், பாட்டு செட், கேமரா என்று எத்தனையோ வண்டிகளுக்கு மாட்டியிருக்கிறான். ஆனால் இப்படி யாரும் கேட்டதில்லை.

சற்று முன் அவன் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கடை வாசலில் ரெண்டே சீட் உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றிருந்தது. பக்கத்தில் அறுபதை நெருங்கும் சாவித்திரி அம்மாள், கஞ்சி போட்ட பருத்திப் புடவையில். "இது என் மருமக மதிவதனி" என்று அவர் காட்டிய பெண், சாவியை விரலில் மாட்டியபடி காரில் சாய்ந்து நின்றாள்.

"கை தெரியணும், கியர் தெரியணும். கண்ணு எந்தப் பக்கம் போகுதுங்கறதும் தெரியணும்."

"எதுக்கும்மா அவ்வளவு?"

"வாயால சொன்னா வீட்டுல சண்டைதான் மிச்சம். படமா காட்டிட்டா அப்புறம் பேச்சே இல்ல பாரு."

மதிவதனி தலை குனிந்துகொண்டாள். ஃபாஜிலுக்குச் சுருக்கென்றது. அவன் அக்கா நிலோஃபர், தன் போனைக்கூட மாமியார் தினம் வாங்கிப் பார்க்கிறார் என்று அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் ஆகவில்லை.

சாவித்திரி அம்மாளுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். அந்த நேரம் பார்த்து ஃபாஜில் மெல்லக் கேட்டான்.

"அக்கா, உங்களுக்கு இதுல சம்மதமா? இல்லேன்னா சொல்லுங்க. இந்த வண்டியில மாட்ட முடியாதுன்னு சொல்லி அனுப்பிடுறேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க. அப்புறம் அத்தையச் சமாளிக்க என்னால ஆகாது," என்று பதறினாள் மதிவதனி. "கழலாம மாட்டிக் குடுங்க, அது போதும். போன வாரம் கண்ணாடியில ஒட்டுற மாதிரி ஒண்ணு வாங்கி வச்சோம். பூதலூர் ரோட்டுல நெல்லு காயப் போட்டிருந்தாங்க. ஒதுங்கிப் போனப்ப ஒரு பள்ளம். கேமரா தெறிச்சு விழுந்து பிரேக்குக்கு அடியில மாட்டிக்கிச்சு."

"வண்டி?"

"எங்க நின்னுச்சு? எதுத்தாப்புல வாய்க்கா மதகு. எப்படியோ கியரக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்க இழுத்து, மதகுல முட்டாம நிறுத்தியாச்சு."

ஃபாஜில் யோசித்தான். முடியாது என்று அனுப்பினால் மறுபடி கண்ணாடியில்தான் எதையாவது ஒட்டுவார்கள். அதற்குத் தானே ஒழுங்காக மாட்டிவிடுவது மேல்.

டாஷ்போர்டின் ஓரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த இரும்புச் சட்டத்தில் ஒரு தகட்டை போல்ட் போட்டு முடுக்கினான். அதிர்வு தாங்க நடுவில் ரப்பர் வைத்தான். அதன்மேல் கேமராவைப் பூட்டினான். அப்படியும் மனசு கேட்கவில்லை. தப்பித் தவறிக் கழன்றாலும் காலடிக்குப் போகாதபடி மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றையும் சேர்த்துக் கட்டினான்.

சாவித்திரி அம்மாள் வந்து, கேமராவை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"வண்டி கழண்டு வந்தாலும் இது வராது போலருக்கே!"

ஃபாஜிலால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஓட்டுறவங்கள இப்படிக் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டே இருந்தா, ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கும் கை நடுங்கும். கொஞ்சம் நம்பித்தான் விடுங்களேன்."

சாவித்திரி அம்மாள் மருமகள் பக்கம் திரும்பினார். "கேட்டியாடி தம்பி சொல்றத? நல்லாக் கேட்டுக்க."

"கேட்டேன் அத்தை," என்றாள் மதிவதனி அடக்கமாக.

"சாவியக் குடு."

மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். ஓட்டுவதற்குக்கூட விடமாட்டாரோ என்று ஃபாஜிலுக்கு மனசு கனத்தது.

சாவித்திரி அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். மதிவதனி மறுபக்கம் சுற்றி வந்து ஏறி, கேமராவை ஓடவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை ரேஸ்ல உங்களோட ஓட்டப் போறவங்க எல்லாம் என் வயசுக்காரங்க அத்தை. கிளட்ச்ச இன்னும் சட்டுனு விடணும், சரியா?"

"சரிங்க கோச்சு," என்று முனகிக்கொண்டே வண்டியைச் சீறவிட்டார் மாமியார்.