மூன்று புள்ளிகளுக்குப் பின்னால்

இருநூற்றுப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் சேந்தன் கப்பலேறினான். தினமும் அவன் குரல் வந்தது. கொஞ்ச நாளாக, பழைய செயலியில் அவன் பெயருக்குக் கீழே 'பதி…' என்று மட்டும் தெரிகிறது. "ஆப்புக்கே தெரியுது, நீ என் பதின்னு" என்று நறுமுகை சிரிப்பாள். ஆனால் இப்போதெல்லாம் அவன் எதையும் மறப்பதில்லை, கோபப்படுவதுமில்லை. அது அவளை உறுத்தியது.

அந்தச் செயலியைப் பெரிய திரைகளுக்குப் பொருத்தும் வேலை அவள் அலுவலகத்துக்கே வந்தது. பெயருக்குக் கீழுள்ள வரியை அகலமாக்கிவிட்டு, சோதிக்கத் தன் கணக்கைத் திறந்தாள். வெட்டுப்பட்டிருந்த சொல் முழுதாகத் தெரிந்தது: 'பதிலி'.

ஒருவருக்குப் பதிலாக அவர் குரலில் பேசுபவை பதிலிகள். நேராகக் கேட்டால் அவை பொய் சொல்லக்கூடாது என்பது சட்டம்.

அழைத்தாள்.

"என்னடி, மீட்டிங்குக்கு டிமிக்கியா?" அதே குரல், அதே கிண்டல்.

"நீ சேந்தனா?"

"ஏன்டி திடீர்னு?"

"ஆமாவா, இல்லையா?"

அந்தக் குரல் மரியாதைக்கு மாறியது.

"இல்லைங்க. நான் அவரோட பதிலி."

"அவன் கப்பல்ல நல்லாத்தானே இருக்கான்?"

"கப்பல்ல இல்லைங்க. இறங்கிப் பதினோரு நாளாச்சு. இதே சென்னையிலதான் இருக்கார்."