மிச்ச மூட்டை

மலை மேல் வெயில் ஏறிவிட்டது; ரேஷன் கடைக்குள் இன்னும் இருட்டுதான். தகரக் கூரையின் ஓட்டை வழியாக ஒரு கீற்று வெளிச்சம் மூலையில் கிடக்கும் மூட்டைகள் மேல் விழுகிறது. போன மாசம் வந்த அரிசி. புழுத்ததென்று யாரும் வாங்கவில்லை. சாக்கின் மேல் வெள்ளைப் புழுக்கள் ஊர்கின்றன. வேறு மூட்டை எதுவும் கடையில் இல்லை. "புது அரிசி எங்க சாமி?" என்கிறாள் எனக்கு முன்னால் நிற்கும் வெள்ளையம்மாள். அவள் வீட்டில் பிள்ளை பெற்ற மகள் பட்டினியாகப் படுத்திருப்பது வரிசைக்கே தெரியும். "வராதும்மா. இவ்ளோ மிச்சம் கெடக்குதுல்ல, இந்த ஊருக்குத் தேவை கம்மின்னு மேல முடிவு பண்ணிட்டாங்க" என்கிறார் கடைக்காரர் சாம்பமூர்த்தி. "புழுத்துப்போச்சுன்னு சொல்லலியா?" என்கிறாள் அவள். "எவ்ளோ மிச்சம்னுதான் கேக்கறாங்க. ஏன் மிச்சம்னு எவன் கேட்டான்?" "கேக்காதவன் வீட்டுல இதைப் பொங்கச் சொல்லுய்யா" என்கிறேன் நான். பின்னால் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். வெள்ளையம்மாள் பையை விரிக்கிறாள். "இதையே போடுங்க சாமி. தீந்தாத்தானே புதுசு அனுப்புவாங்க." தராசுத் தட்டில் அரிசி கலகலவென்று விழவில்லை, புழு கட்டிய நூலில் சிக்கி, கட்டியாகப் பொத்தென்று விழுகிறது. "தீந்துட்டா, நல்லா போணியாவுதுன்னு இதையேதான் மறுபடி அனுப்புவான்" என்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையின் விளிம்பில் ஏறும் புழுவை விரலால் தட்டிவிடுகிறாள். பின்னால் நிற்பவன் என்னை இடிக்கிறான். "பெரியவரே, வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லாட்டி வழி விடுங்க." நானும் பையை விரிக்கிறேன்.