ரூவியிலிருந்து ஒரு பிரபு மாளிகை

ஆங்கிலேயப் பிரபுக்கள் முந்நூறு ஆண்டுகளாகக் கட்டிக்காத்த ஒரு மாளிகையின் மானம், 1986 புரட்டாசியில், மஸ்கட் ரூவியில், தையற்கடைக்கு மேல்மாடியில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது.

பெயர் மார்க்கண்டு. ஊர் சாவகச்சேரி. உத்தியோகம் எஸ்டேட் மேனேஜர். மாளிகையை அவர் கண்ணால் கண்டதில்லை.

சிமெண்ட் வியாபாரி ஹமூத் முதலாளி, கை நிறையப் பணம் புரண்ட ஒரு வருடம் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் அதை வாங்கிப்போட்டார். கோடையில் குடும்பத்தோடு போய்த் தங்குவார். மற்ற மாதங்களில் கூரை ஒழுகினாலோ, புகைபோக்கியில் குருவி கூடு கட்டினாலோ, அங்கே காவலுக்கு இருந்த வில்சன் ரூவிக்கு டெலக்ஸ் அடிப்பான். மார்க்கண்டு பதில் அடிப்பார்.

தெரிந்தவர் வீட்டு விருந்துகளில், கையில் வடையோடு, "எங்கட லேக்குக்கு இந்த முறை தண்ணி காணாது" என்று கவலைப்படுவார்.

மாசி மாதம் வில்சன் சில படங்கள் அனுப்பினான். ஒன்றில் ஏரிக்கரையில் ஒரு கற்கோபுரம். மேல்பாதி இடிந்து, ஜன்னல் வாய் பிளந்து, கொடி படர்ந்து கிடந்தது. நாலு பேர் நடுவில் வேட்டி அவிழ்ந்ததுபோல மார்க்கண்டுவுக்குக் கூசியது. உடனே திருத்து என்று டெலக்ஸ் போனது.

ஐயா, அது கட்டும்போதே அப்படித்தான் கட்டப்பட்டது என்று பதில் வந்தது.

கம்பெனி டிரைவர் கார்மேகம் முதுகுளத்தூர்க்காரன். மஸ்கட் வருமுன் கொத்தனாராக இருந்தவன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"கட்டினதே இப்பிடித்தானாமா? எங்க ஊர்ல செவரு விழுந்தா எல்லாக் கொத்தனாரும் இதத்தாண்ணே சொல்லுவான். நானே சொல்லியிருக்கேன்."

மார்க்கண்டு வில்சனை ஒரு பிடி பிடித்தார். கோடை பிறப்பதற்குள் கோபுரம் எழுந்து நின்றது. முழு உயரம், வழவழப்பான சிமெண்ட் பூச்சு, வெள்ளை நிறம், உச்சியைச் சுற்றி நீலக்கரை. நீலம் மார்க்கண்டுவின் யோசனை.

விஷயம் தெரிந்தது போன வாரம்தான்.

வங்கியில் வேலை பார்க்கும் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று இரண்டு படங்களையும் மார்க்கண்டு பெருமையோடு எடுத்துக் காட்டினார். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் பார்க்கர் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அந்தக் காலத்துப் பிரபுக்கள் இடிந்த கோபுரங்களை வேண்டுமென்றே கட்டுவித்தார்களாம். நல்ல கல்லாகப் பார்த்து, நல்ல கொத்தனாரைப் பிடித்து, இடிந்தது மாதிரியே கட்டச் சொல்வார்களாம். மாலையில் உலாவப் போய், அதன் முன்னால் நின்று, எல்லாம் ஒருநாள் அழியும் என்று பெருமூச்சு விடுவதற்காம்.

"உதுக்கெண்டு ஒரு கட்டடமோ?" என்று மார்க்கண்டு தமிழிலேயே கேட்டார். பார்க்கருக்குப் புரியவில்லை.

நேற்று முதலாளி இங்கிலாந்திலிருந்து திரும்பினார். இன்று காலை மார்க்கண்டுவை மட்டும் கூப்பிட்டனுப்பினார்.

பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கார்மேகம் ஆறுதல் சொன்னான். "பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வரச் சொல்லலையில்ல? அப்ப பயமில்லண்ணே."

"பாஸ்போட் அவரிட்டத்தானே இருக்கு, விசரா."

விசாவும் அவர் கையில்தான். வேலை போனால் திரும்பிப் போக ஊர் இல்லை. சாவகச்சேரியில் ஷெல் விழுகிற காலம். மனைவியும் பிள்ளைகளும் கொழும்பில் ஒரு வாடகை அறையில், மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். முதலாளி தானே எழுந்து கதவைச் சாத்தினார். அது நல்ல சகுனமாகப் படவில்லை.

"மார்க்கண்டு பாய், அந்தக் கோபுரம்" என்று தொடங்கினார். "வாங்கின அன்றைக்கே பார்த்தேன். உடைந்த சாமானை என் தலையில் கட்டிவிட்டார்கள். யாரிடம் போய்க் கேட்பது? வெட்கம். வருடா வருடம் அம்மாவிடம், வேலை நடக்கிறது, அடுத்த கோடைக்குள் முடிந்துவிடும் என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார். அழுதுவிட்டார்."

அக்கம்பக்கத்துப் பிரபுக்களும் குடும்பம் குடும்பமாக வந்து பார்த்தார்களாம். ஒருவருக்கும் பேச்சே வரவில்லையாம்.

மார்க்கண்டு வாயைத் திறந்தார். பார்க்கர் சொன்னதைச் சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தார். எதிரே முதலாளியின் முகம், பால் காய்ச்சிப் புதுவீடு புகுந்தவன் முகம்போல மலர்ந்து கிடந்தது. மூடிக்கொண்டார்.

விசாவைப் புதுப்பிக்கச் சொல்லியாகிவிட்டது, கலாஸ் என்று முதலாளி அந்தப் பேச்சை முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

மாளிகையின் முன்கூடத்தில் ஒரு பளிங்குப் பெண் நின்றாள். நல்லவேளை, சேலை மாதிரி ஏதோ சுற்றியிருந்தாள். இரண்டு கையும் தோளோடு இல்லை. பார்க்கும்போதெல்லாம் அம்மா பாவம் பாவம் என்கிறாராம். கைகள் முதலில் எப்படி இருந்திருக்கும் என்று முதலாளி கேட்டார்.

மார்க்கண்டுவுக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே எழுந்தார். பெரிய வீட்டு வாசலில் ஒரு பெண் எப்படி நிற்பாள் என்று யோசித்து, தமக்குத் தெரிந்த ஒரே விதத்தில் நின்று காட்டினார்.

தைப்பொங்கலுக்குள் வேலை முடிந்தது. அந்த மாளிகைக்கு வருகிறவர்களை ஒரு கிரேக்க தேவதை கைகூப்பி வரவேற்கிறாள்.