கடைசித் தேதி

“மறந்துட்டேன்னு சொல்றீங்களே, இதைப் போய் எப்படி மிஸ் மறப்பீங்க?”

கீதாவின் குரல் உடைந்தது. பக்கத்தில் நின்ற ஜெரூஷா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

பிசிக்ஸ் டீச்சர் ஜோசலின் தலை நிமிரவில்லை. “நேத்தோட கடைசித் தேதி முடிஞ்சுபோச்சும்மா. போட்டிக்குப் பேர் கொடுக்காம விட்டுட்டேன். என் தப்புதான்.”

தாம்பரத்தில் உள்ள அந்தப் பள்ளியில் இருவரும் ப்ளஸ் ஒன், தமிழ் மீடியம். லேப் மேஜை மேல் அவர்கள் செய்த ரோபோ இருந்தது. வெள்ளத்தில் மிதந்து போய், வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பும். கீதாவின் வீடு, மழைக்காலத்தில் வெள்ளம் புகும் முடிச்சூரில். யோசனை அவளுடையதுதான்.

“டெல்லி போட்டியெல்லாம் எங்களுக்கு வேணாம்னு சொன்னோமே மிஸ். ‘ஏன்டி முடியாது, போய்த்தான் பாருங்களேன்’னு நீங்கதானே இழுத்துவிட்டீங்க? லீவு நாள்லகூட வந்து செஞ்சோமே!”

ஜோசலின் ரோபோவை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை கீதாவின் அப்பா கதிரேசன், ஷேர் ஆட்டோவை கேட் வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்தார்.

“இன்னா டீச்சர் இது? நேத்துலேர்ந்து சோறு துன்னாம அழுதுகினே கீது. ஆசையக் காட்டிட்டு இப்டி அம்போன்னு வுட்டா எப்டி? உங்கள நம்பித்தானே அனுப்ச்சேன்?”

“மன்னிச்சிடுங்கண்ணா.”

“மன்னிச்சு இன்னா ஆவப்போவுது?”

விருட்டென்று போய்விட்டார்.

வராந்தாவில் ஜோசலினுக்கு எதிரே வந்த கீதாவும் ஜெரூஷாவும் குட்மார்னிங் சொல்லவில்லை. தாண்டிப் போனதும், காதில் விழட்டும் என்றே கீதா சொன்னாள்.

“நாம செஞ்சது நல்லாத்தான்டி இருந்துச்சு. இவங்க மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்.”

அதற்குள் பியூன் வந்து, ஜோசலினை ஹெச்.எம். கூப்பிடுவதாகச் சொன்னார்.

ப்ரேயரில் மைக் பிடித்து, ‘பெரிய போட்டிக்கெல்லாம் துணிஞ்சு போங்க பிள்ளைங்களா’ என்று பேசியவர்தான் ஹெச்.எம். பிரிட்டோ.

“உட்காருங்க ஜோசலின். பேர் கொடுக்க இந்த வாரம் முழுக்க டைம் இருக்கு. ஏன் பிடிவாதம் பிடிக்கிறீங்க? டீமுக்குப் பொறுப்பு நீங்க. நீங்க கொடுத்தாத்தான் எடுத்துப்பாங்க.”

“செஞ்ச பொண்ணுங்க பேரைக் கொடுக்கறேன் சார்.”

“திரும்பவும் அதையே சொல்றீங்க! தமிழ் மீடியம் பொண்ணுங்க. அங்க போய் ஜட்ஜுங்க முன்னாடி இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசுமா அதுங்க? ஸ்கூல் மானம் போயிடும், அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். மெஷின் அதுவே இருக்கட்டும். இங்கிலீஷ் மீடியம் பசங்க ரெண்டு பேர் பேரைப் போட்டு அனுப்புங்க.”

“முடியாது சார்.”

“அப்ப அந்தப் பொண்ணுங்களைக் கூப்பிட்டு நானே பேசறேன்.”

ஜோசலின் சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“வேண்டாம் சார். நான் மறந்துட்டதாவே இருக்கட்டும். நீங்க சொன்ன காரணத்தை அவங்ககிட்ட சொல்ல வாய் வராமத்தான், பழியை நான் ஏத்துக்கிட்டேன்.”